டொக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

பயம் வந்தால் எனக்கு முதலில் காது இரண்டும் சுடும். அடுத்து வாய் தானாகத் திறந்து ஒரு பகிடியை வெளியே விட்டுவிடும். யோசித்துச் சொல்வதில்லை. சிலருக்கு விக்கல் வருவது போல எனக்கு அது வருகிறது. அகதி விசாரணையில், "உங்கள் நாட்டில் உங்கள் உயிருக்கு யாரால் ஆபத்து?" என்று அதிகாரி கேட்டபோது, "என்ர சமையலால" என்று சொன்னவன் நான். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர். அதை மொழிபெயர்க்காமல் விட்டார். இன்றைக்கு நான் சுவிஸில், சோலோதுர்ன் நகரில், ஒரு பாடசாலைக் கட்டடத்தைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன் என்றால் அந்த மனிதரின் மௌனமும் அதற்கு ஒரு காரணம்.

எழுத வந்தது என்னைப் பற்றியல்ல, அண்ணையைப் பற்றி. கூடப் பிறந்தவர் இல்லை. எனக்கு மூன்று வருடம் முந்தி இந்த நாட்டுக்கு வந்தவர், அவ்வளவுதான். ஆனால் அவர் ஒரு நட்சத்திரம். தமிழர் மண்டபங்களில் அல்ல. சோலோதுர்னைச் சுற்றியுள்ள கிராமங்களில், வைக்கோல் பரப்பிய கூடாரங்களில், கவ்போய்த் தொப்பியும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வரிசையாக நின்று ஆடுகிற சுவிஸ்காரர் நடுவில், இருபத்தைந்து வருடங்களாக அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரரின் பாட்டான கவுன்ட்ரி இசையில் அவர் ஒரு நட்சத்திரம்.

அவருடைய முதல் வேலை ஜூரா மலையடிவாரத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது. முதலாளி அந்த இசையில் பைத்தியமானவர். குசினி ரேடியோவில் நாள் முழுக்க அதுதான் பாடும். அண்ணை தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி கூடவே பாடிப் பழகிவிட்டார். ஒருநாள் ரேடியோ பழுதாகிவிட்டது. இரண்டு நாள் கழித்தும் பாட்டு நிற்கவில்லையே என்று பார்க்க வந்த முதலாளி, கையுறையும் நுரையுமாக நின்ற அண்ணையைக் கண்டார். அந்தச் சனிக்கிழமையே அவரைச் சாப்பாட்டு மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அப்போது அண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது. பாட்டுகளைக் காதால் கேட்டு, ஒரு கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். பொருள் பிறகுதான் தெரிந்ததாம். "எல்லாம் வீட்டை விட்டுப் போனவன்ர பாட்டு. விளங்காமலே சரியாத்தான் பாடியிருக்கிறன்" என்றார். பிறகு தானே பாட்டு எழுதினார். இலக்கணப் பிழையோடுதான். கேட்டவர்களின் ஆங்கிலமும் அதே தரம் என்பதால் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

ஒரு கசெட், இரண்டு சிடி. ஒருமுறை லொறிச் சாரதிகளின் திருவிழாவில் கூடாரம் நிறைந்து வெளியே மழையில் நின்று கேட்டார்கள். இன்னொரு முறை ரெயில் நிலையத்தில் ஒரு பெண்மணி ஓடி வந்து கையெழுத்துக் கேட்டார். நாங்கள் அப்போது ஒரு கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அண்ணை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கையெழுத்துப் போட்டதை நான் கண்ணால் கண்டேன். சிலர் அவரைச் செவ்விந்தியர் என்று நினைத்திருந்தார்கள். அண்ணை மறுக்கவில்லை. ரசிகரின் மனதை நோகடிக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

நான் அவருக்குப் பேஸ் கிற்றார் வாசித்தேன். அதில் நாலு தந்தி, எனக்கு இரண்டு போதும். மேடைக்குப் போகுமுன் ஒவ்வொரு தடவையும் கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பேன். பிறகு வந்து சிரித்தபடி வாசிப்பேன். "உன்ர வயிறு எங்கட இசைக்குழுவில ஒரு தனி வாத்தியமடா" என்பார் அண்ணை.

எங்கள் ஆட்கள் அவரை "மாட்டுக்காரன்" என்றார்கள். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. கலியாணமாகி வந்த புதிதில் அண்ணை கசெட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாடு துலைஞ்சவன் கூப்பிடுறமாதிரிக் கிடக்கு" என்றாராம். ஆனால் அண்ணையின் மேடைச் சட்டையின் குஞ்சங்களை ஒவ்வொன்றாக விரித்து அயன் பண்ணிக் கொடுப்பவரும் அக்காதான். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. ஜெர்மன் மொழி வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டும்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் இருந்தது இரண்டு குரல்கள். காலையில் தேத்தண்ணியோடு தொடங்கினால் படுக்கும்வரை ஓயாது. இவர் ஒன்று சொல்ல அவர் வெட்ட, அவர் ஒன்று கேட்க இவர் கடிக்க, பார்க்கிறவனுக்குச் சண்டை போலத் தெரியும். நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்து இரண்டு தடவை சமாதானம் பேசப் போனேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை விரட்டிவிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணையின் குரல் அடைக்கத் தொடங்கியது. அடைத்த குரலோடு அவர் பாட, ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இப்போதுதான் உண்மையான கவுன்ட்ரிக் குரல் வந்திருக்கிறது, முந்தி கொஞ்சம் இனிப்பாக இருந்தது என்றார்கள். நானும் சொன்னேன். "அண்ணை, தயவுசெய்து தடிமன், சளிக்கு மருந்து எடுத்துப்போடாதேங்கோ" என்று பகிடி விட்டேன். ஒரு வருடம் அவர் மருந்து எடுக்கவில்லை. என் பகிடிக்காக எடுக்காமல் விட்டார் என்று சொல்ல மாட்டேன். இல்லை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

வைத்தியசாலைக் கார் தரிப்பிடத்தில் வைத்துத்தான் அண்ணை சொன்னார். தொண்டையில் புற்றுநோய். பிந்திவிட்டது.

"குரல்வளையை முழுசா எடுக்கப் போறாங்களாம்."

என் காது சுட்டது. "எடுத்துப்போட்டுத் திருப்பித் தருவாங்களோ?" என்றேன்.

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்க நேரமானது. பிறகு என் கையைப் பிடித்தார். "அவளுக்குச் சொல்லாத. கட்டி எண்டு மட்டும் சொல்லுவம். தெரிஞ்சால் அழுவாள். அவள் அழுதால் நான் ஒப்பரேசனுக்குக் கையெழுத்துப் போடமாட்டன், செத்துப்போறன் எண்டு வீட்டிலயே இருந்திடுவன். எனக்கு என்னைத் தெரியும்."

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊரில் யார் செத்தாலும் ரெலிபோனில் முதலில் "கொஞ்சம் கடுமையாம்" என்றுதான் சொல்வோம். என் தகப்பன் சுடலையில் எரிந்து முடிந்த பிறகும் எனக்கு அவர் இரண்டு நாள் கடுமையாகவே இருந்தார். ஆகவே அண்ணை கேட்டது எனக்குப் பெரிய பொய்யாகப் படவில்லை. சரி என்றேன்.

ஆனால் டொக்டர் விடவில்லை. எங்களைவிட இருபது வயது இளைய பெண், கண்ணைப் பார்த்துக் கதைக்கிறவர். குடும்பத்தோடு கதைக்காமல் இப்படியான ஒப்பரேசன் செய்யமாட்டேன் என்றார். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு பண்ணட்டுமா என்று கேட்டபோது அண்ணை என்னைக் காட்டினார். "இவர் எங்கட தம்பி, இவர் போதும்."

சின்ன அறை. சுவரில் தொண்டையைக் குறுக்கே வெட்டிய படம். டொக்டர் அக்காவைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். குரல்வளை முழுவதும் அகற்றப்படும். இனிக் கழுத்திலுள்ள ஒரு துளையால்தான் சுவாசிப்பார். அவருடைய சொந்தக் குரல் திரும்பி வராது. கருவியின் உதவியோடு பேசப் பழகலாம், ஆனால் அது வேறு குரல். இதைக் கேட்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒப்பரேசனுக்கு முதல் இருவரும் மனம்விட்டுக் கதைத்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். என் முதுகால் ஒரு அருவி இறங்கியது. மேடைக்குப் பின்னால் இருபத்தைந்து வருடம் வாந்தி எடுத்தவனுக்கு இந்த அறையில் ஒரு வாளிகூட இல்லை.

"அக்கா," என்றேன், "தொண்டைக்குள்ள ஒரு கட்டியாம். எடுத்துவிடுவினமாம். கொஞ்ச நாளைக்குக் கதைக்க ஏலாதாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது ஆளைப் பொறுத்ததாம்."

அக்கா அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப கொஞ்ச நாளைக்கு வீட்டில நான் மட்டும்தான் கதைக்கலாம். நல்லதாப் போச்சு."

அண்ணை சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "நான் இவ்வளவு நேரம் சொன்னேன். நீங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே?"

"எங்கள் மொழி மிகவும் சுருக்கமானது, டொக்டர்."

தமிழைப் பற்றி இதைவிடப் பெரிய பொய்யை ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டொக்டர் நம்பினார். அக்காவின் தோளைத் தொட்டு, மிகவும் உறுதியான பெண் என்றார். என் கையைக் குலுக்கி, நீங்கள் இல்லாவிட்டால் எங்களுக்குக் கஷ்டமாகப் போயிருக்கும் என்றார். அக்கா வெளியே வந்து, "நல்ல டொக்டர் பிள்ளை" என்றார். முருகன் கோயிலில் அண்ணையின் பெயரில் ஒரு நேர்த்திக்கடனும் வைத்தார்.

ஒப்பரேசன் திங்கட்கிழமை மத்தியானம். அதற்கு முந்தின நாள், ஞாயிறு பின்னேரம், ஒத்திகை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அண்ணை முதன்முதலில் பாடிய அதே உணவகத்தின் மண்டபத்துக்குப் போனோம். நாற்பது பேர் இருக்கும். லொறிச் சாரதிகள், பால் பண்ணைக்காரர், தபால் கந்தோரில் வேலை செய்த ஒரு அம்மா. மூன்றாவது பாட்டு முடிய, அண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டு, அவர்களுடைய ஊர்ப் பேச்சிலேயே சொன்னார். நாளைக்கு என் குரலை எடுக்கப் போகிறார்கள். இதுதான் கடைசி. அழ வேண்டாம், ஆடுங்கள்.

ஆடினார்கள். அழுதுகொண்டே காலை மாற்றி மாற்றி வைத்து வரிசை குலையாமல் ஆடினார்கள். முடிந்ததும் வரிசையில் வந்தார்கள். அண்ணை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு கையாலும் தோளைப் பிடித்து, அவரவர்க்கு ஒரு வார்த்தை சொன்னார். தூண் மாதிரி ஒரு லொறிச் சாரதி, அண்ணையின் தோளில் முகத்தை வைத்துக் குழந்தை மாதிரி விம்மினார்.

நான் கிற்றாரோடு மூலையில் நின்றேன். நாற்பது பேருக்குத் தெரியும். நாற்பது பேரும் விடைபெறுகிறார்கள். வீட்டில் ஒருவர், இவர் பசியோடு வருவார் என்று புட்டு அவித்துக்கொண்டிருக்கிறார். காரை எடுத்தால் பதினைந்து நிமிடத்தில் அக்காவைக் கூட்டி வந்திருக்கலாம். நான் காரடிக்குத்தான் போனேன். போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு அவரை ஏற்றப் போனேன். அக்காவுக்கு வேலை. சீருடையோடு கதவடியில் நின்றார்.

"சொக்ஸ் வைச்சனீங்களோ?"

"வைச்சனான்."

"எத்தினை சோடி?"

"ஒண்டு."

"ஆசுப்பத்திரியில குளிரும், ரெண்டு வையுங்கோ எண்டு சொன்னனானோ இல்லையோ?"

"காலங்காத்தால ஆய்க்கினை தராதேயப்பா."

"ஓம், நான் சொன்னா ஆய்க்கினை. உங்கட கவ்போய் ஆக்கள் சொன்னா ஓடி ஓடிச் செய்வியள்."

அண்ணை படியில் இறங்கி, நின்று, திரும்பிப் பார்த்தார்.

"உதென்ன, இன்னும் என்னத்தை மறந்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

அக்கா கதவைச் சாத்தினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

 கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அண்ணை, "கேட்டனியோ? சொக்சைப் பற்றித்தான் கதைக்கிறாள்" என்றார். அவர் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அழுகிற மனைவியிடமிருந்து அல்ல, தொணதொணத்து ஆய்க்கினை தருகிற மனைவியிடமிருந்து அவர் போனார். தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போனார்.

ஒப்பரேசன் நன்றாக நடந்தது. அக்கா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து கட்டிலடியில் இருந்து தனியாகக் கதைத்தார். வீட்டுச் சொந்தக்காரன் படியில் சைக்கிள் விட்டது, சலவை இயந்திரம் நின்றது, மச்சாள் ரெலிபோன் எடுத்தது. அண்ணை தலையாட்டுவார். "இஞ்ச பாரும் தம்பி, இப்பிடி நான் சொல்லுறதுக்கெல்லாம் தலையாட்டி நான் கண்டதில்லை" என்று அக்கா சிரிப்பார். போகும்போது நடையில் வைத்துக் கேட்பார், "எப்ப கதைப்பார்?" நான் வானிலை பற்றிச் சொல்வேன்.

பத்தாம் நாள் நான் சூப் கொண்டு போனபோது, கட்டிலடியில் அக்காவோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருவர் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். கையில் சின்ன ரோச் லைற் மாதிரி ஒரு கருவி. மற்றவர் தமிழ்ப் பெண், வைத்தியசாலையே ஒழுங்கு பண்ணிய மொழிபெயர்ப்பாளர். தன் வேலையைச் சரியாகச் செய்கிறவர். ஒரு சொல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"...குரல்வளை எடுத்தபடியால் அவற்ற சொந்தக் குரல் இனி வராது. இந்தக் கருவியைக் கழுத்தில வைச்சுக் கதைக்கப் பழக்குவினம். இது ஒப்பரேசனுக்கு முதலே டொக்டர் உங்களுக்கு விளங்கப்படுத்தினவர்தானே, அம்மா?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சூப் ஆறப்போகுது" என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன்.

அண்ணை எழுதுகிற பலகையை எடுத்தார். எழுதிக் காட்டினார். "நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான். நீ அழுதிருந்தால் போயிருக்க மாட்டன்."

அக்கா வாசித்தார். வாசிக்க நேரம் எடுத்தது. "அது உங்களுக்கு," என்றார். "எனக்கு?"

அண்ணை பலகையைத் துடைத்துவிட்டுப் பேனையை மூடி வைத்தார். 

நடையில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அக்கா என்னைப் பிடித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு."

"வேற?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். நாற்பது பேரையும் சொன்னேன். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னேன்.

"அந்தாள் எல்லாரோடயும் சொல்லிக்கொண்டு போச்சுது," என்றார் அக்கா. "நான் சொக்சைப் பற்றிக் கதைச்சனான், தம்பி. கதவைப் பட்டெண்டு சாத்தினனான். என்னை நீர் அழவிட்டிருக்கலாம். அழுவன். பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டுக் கதைச்சிருப்பன். விடிய விடியக் கதைச்சிருப்பன்."

காது இரண்டும் நெருப்பாகச் சுட்டது. வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் பயம் வந்து பகிடி வராமல் நின்ற முதல் நாள் அதுதான்.

மூன்று மாதம் அக்கா என்னோடு கதைக்கவில்லை. வாசலில் மணி அடித்தால் அண்ணை வந்து திறப்பார், அக்கா அறைக்குள் போய்விடுவார். அண்ணை கருவியைக் கழுத்தில் வைத்துக் கதைக்கப் பழகியிருந்தார். தேனீக்கூட்டுக்குள் இருந்து யாரோ அறிவித்தல் வாசிப்பது போன்ற ஒரே தட்டையான இரைச்சல். சுவிஸ் ரசிகர்கள் வந்தால் அதால் கதைத்தார். ஜெர்மன் மொழிக்கு அது பரவாயில்லை. தமிழை அதில் கேட்க எனக்கே முடியவில்லை.

அக்கா வீட்டில் அதைப் பாவிக்க விடவில்லை. "உது ஆரோ. உதை வையுங்கோ, எழுதுங்கோ" என்றாராம். அவர் எழுதினார். ஆனால் அவர்கள் கதைக்கிற விதம் எழுதிக் கதைக்கிற விதமல்ல. அக்கா ஒன்று சொன்னால் அந்த நொடியே அவர் வெட்ட வேண்டும். அவர் எழுதி முடித்துப் பலகையைத் திருப்பும்போது அக்கா சொன்னது ஆறிப்போயிருக்கும். மெல்ல மெல்ல அக்கா சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் நான் போனபோது உள்ளே அண்ணையின் பாட்டு கேட்டது. அக்காதான் சிடியைப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் நிற்பாட்டினார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தைகள் இவைதான்: "முழுக்கக் கேட்டுப் பாத்திட்டன். அவற்ற குரல்தான். ஆனால் அதுக்குள்ள எனக்கு விளங்கிற மாதிரி ஒண்டுமில்லை."

வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசமும் அண்ணைக்கு இப்போது தெரியாது, மூக்கால் காற்றுப் போவதில்லை. உப்புக் காணுமோ என்று கேட்டு ஒரு காலத்தில் பெரிய வாக்குவாதம் நடந்த குசினி அது. இப்போது சட்டி மூடி நடுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் எழும்பினேன். "வாறன் அக்கா."

"எங்க போறீர்? இரும்."

இருந்தேன்.

"அண்டைக்கு எங்கள் ரெண்டு பேருக்காகவும் நீர்தானே கதைச்சனீர்?" அக்கா வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். "இப்பவும் இருந்து கதையும். ஞாயிற்றுக்கிழமையில வாரும். வந்து கதையும். வீடு சும்மா கிடக்கு."

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் போகிறேன். அண்ணை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நடுவில் நான். முதல் வாரங்களில் என்னிடம் இருந்த பகிடிகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். அக்கா ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. நிறுத்தச் சொல்லவுமில்லை. அண்ணை தலையாட்டுவார். போன ஞாயிறு எங்கள் பாடசாலையில் புதிதாகப் பூட்டிய கதவைப் பற்றிச் சொன்னேன். அட்டை காட்டினால் திறக்கும், அட்டையை மறந்தால் திறக்காது, நானே இரண்டு தடவை வெளியில் நின்றேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லி முடித்து மூச்சு விட்டேன். 

"பிறகு?" என்றார் அக்கா.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் சொல்லத் தொடங்கினேன்.